ஒரு கேள்வித்தாளும் ஒரு பெயரும்

மொழித் தேர்வில் "தக்க நிறுத்தற்குறி இடுக" என்று ஒரு கேள்வி வரும். யாரும் பெரிதாகப் பயப்படாத கேள்வி. 2010 மார்ச்சில் கேரளாவின் தொடுபுழா நியூமன் கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்கு நடந்த உள்தேர்வில் வந்ததும் அதுதான். தாள் தயாரித்தவர் மலையாளப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப்.

இயக்குநர் பி.டி. குஞ்ஞு முகமது திரைக்கதை பற்றி எழுதியதிலிருந்து ஒரு சிறு உரையாடலை அவர் எடுத்திருந்தார். ஒரு பைத்தியக்காரன் கடவுளிடம் பேசுகிறான், கடவுள் அவனைத் திட்டுகிறார். மூலத்தில் அந்தப் பைத்தியக்காரனுக்குப் பெயர் இல்லை. ஜோசப் "முகமது" என்று வைத்தார். எழுதியவரின் பெயரிலிருந்து எடுத்தேன் என்பது அவர் விளக்கம். படித்தவர்கள் பலருக்கு அது நபிகள் நாயகத்தைக் குறிப்பதாகவே தோன்றியது.

போராட்டம் வெடித்தது. கல்லூரி அவரைப் பணி இடைநீக்கம் செய்தது, போலீஸ் கைது செய்தது. ஜாமீனில் வெளியே வந்தார். 2010 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. தாயுடனும் சகோதரியுடனும் தேவாலயத்திலிருந்து திரும்பிக் கொண்டிருந்தபோது, மூவாற்றுப்புழாவில் ஒரு கும்பல் காரை மறித்து அவருடைய வலது கையை வெட்டித் துண்டித்தது. கொச்சி மருத்துவர்கள் பல மணி நேரம் போராடி அதை மீண்டும் பொருத்தினார்கள். பல முஸ்லிம் அமைப்புகள் இந்தத் தாக்குதலைக் கண்டித்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெயரைத் தவிர்த்திருக்கலாம் என்பது உண்மைதான். பல மதத்து மாணவர்கள் உட்காரும் வகுப்பில் அந்தக் கவனம் வேண்டும். ஆனால் அது துறைக் கூட்டத்தில் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். அதிகபட்சம், கேள்வியை நீக்கிவிட்டு ஒரு மன்னிப்புக் கேட்டால் முடிந்திருக்கும். மதச்சார்பற்ற பாடமான நிறுத்தற்குறியில் இவ்வளவு இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

வெட்டியவர்கள் தீவிரவாதிகள், அவர்களிடம் நியாயம் எதிர்பார்க்க முடியாது. கல்லூரி செய்ததுதான் ஜீரணிக்க முடியவில்லை. கை போன இரண்டே மாதத்தில், 2010 செப்டம்பரில், மத உணர்வைப் புண்படுத்தினார் என்று அவரை வேலையைவிட்டே நீக்கியது! 2013 நவம்பரில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. அப்போதும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வருமானம் இல்லாத வீட்டில் மனைவி மன அழுத்தத்தில் இருந்தார். 2014 மார்ச்சில் தற்கொலை செய்து கொண்டார். அதற்குப் பிறகுதான் கல்லூரி மனம் இறங்கியது. மார்ச் 28 அன்று அவர் மீண்டும் பணியில் சேர்ந்தார். மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றார்.

தாக்குதல் வழக்கில் 2015-ல் 13 பேரும் 2023-ல் மேலும் 6 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர் 13 ஆண்டுகளுக்கும் மேல் தலைமறைவாக இருந்து, 2024 ஜனவரியில்தான் கண்ணூர் மாவட்டத்தில் பிடிபட்டார். அங்கே வேறு பெயரில் தச்சு வேலை செய்து வந்திருக்கிறார்.

ஜோசப் இடது கையால் எழுதப் பழகினார். 2020-ல் வந்த "அற்றுபோகாத்த ஓர்மகள்" என்ற சுயசரிதை அப்படி எழுதியதுதான். அதற்குக் கேரள சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது.