பயிரின் பசி

ராஜாக்களுக்கு மட்டுமல்ல, நெல் வயலுக்கு இடும் எருவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. தஞ்சை ஜில்லாவில் கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் சேற்றில் மிதித்து நாற்று நட்ட காலத்தில், குடியானவர்கள் பயிரின் பசியை நிறத்தைக் கொண்டே அறிந்தார்கள். இலை வெளிறினால் பசி. கறுத்தால் தீனி அதிகம். தீனி மிஞ்சினால் நெட்டையான பழைய ரகங்கள் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

1965-ல் ஆடுதுறை 27 வந்தது. மறு வருஷம் பிலிப்பைன்ஸிலிருந்து குட்டையான ஐ.ஆர்.8. உரம் தின்று விளைந்த ரகங்கள் இவை. யூரியா மூட்டைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. களஞ்சியம் நிறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் பச்சை ஏற ஏற விளைச்சலும் ஏறும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. கறுத்த பயிரைத் தேடிப் புகையானும் குலைநோயும் வந்தன. தேங்கிய நீரில் வீசிய தழைச்சத்தில் பெரும் பகுதி காற்றோடும் நீரோடும் போயிற்று. பயிருக்கு எட்டாத உரத்துக்கும் குடியானவர்தானே காசு கொடுக்கிறார்!

பரிகாரங்கள் பிறந்தன. நீரை வடித்துவிட்டு, உரத்தைப் பல தவணையாக இட்டார்கள். ஐந்து பங்கு யூரியாவுடன் ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து இரவு முழுதும் வைத்தார்கள். உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் சர்க்கார் உத்தரவிட்டது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இலை வண்ண அட்டைதான். பச்சையின் சில படிகளை வரிசையாகக் காட்டும் சிறு பட்டை அது. இலையை அதன்மேல் வைத்து, வெயில் படாமல் தம் நிழலிலேயே ஒப்பிட வேண்டும். வெளிறியிருந்தால் மட்டும் உரம். விஞ்ஞானம் வெகுதூரம் சுற்றிவிட்டு, பாட்டனாரின் கண்ணுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வயலில் இறங்காமல் மட்டும் அதை உபயோகிக்க முடியாது.