சந்தனமும் சவரச் சவர்க்காரமும்: ஒரு நறுமணத்தின் வரலாறு

அனலைதீவு சந்தனக் காடுள்ள நிலமன்று. சுண்ணக்கல்லின்மேற் படிந்த மெல்லிய மண்ணும், பனைகளும், புகையிலைத் தோட்டங்களுமே அதன் செல்வம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அதனை ‘ரொட்டர்டாம்’ என வழங்கினர். ஆயினும் சந்தன மணத்தை அறியாதார் அத்தீவில் இலர். நேர்த்திக்காக முடியிறக்கிய குழந்தையின் மழித்த தலையிலே குளிரக் குளிரப் பூசப்படுவது சந்தனமேயன்றோ! ஆகவே, சவரக்கத்தியையும் சந்தனத்தையும் முதன்முதல் இணைத்தவர் மேனாட்டு வணிகரே என எண்ணுதல் பொருந்தாது. கத்தி பட்ட தோலுக்குச் சந்தனம் என்பது நம்மவர் நெடுநாள் வழக்கு.

இன்று ‘சந்தனம்’ எனப் பெயர் பொறித்த சவரச் சவர்க்காரங்கள் பல நாடுகளிலும் விற்கப்படுகின்றன. அவை உண்மையிற் சந்தனம் மணக்கின்றனவா? இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணத்தை அளப்பதற்கு முதலில் அளவுகோல் ஒன்று வேண்டும். நமக்கு அவ்வளவுகோல் சந்தனக்கல்லாகும். தமிழகத்துக் கடற்கரைக்கும் சந்தனம் மலையிலிருந்தே வந்து சேர்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்திற் குவிந்த பண்டங்களுள் அதனையும் பட்டினப்பாலை எண்ணுகின்றது. தீவுகளுக்கோ அது கடல் கடந்தே வந்தது. அவ்வாறு வந்த கட்டையைக் கல்லில் நீர்விட்டு அரைக்கும்போது எழும் மணம் மென்மையானது, பாலின் சாயலுடையது, மூக்கைத் தாக்காது, அருகில் வந்தாரையே அணைவது. மரத்தின் வைரத்திலும் வேரிலும் உறையும் எண்ணெயே இம்மணத்திற்குக் காரணம். அவ்வெண்ணெயின் பெரும்பகுதி அல்பா சந்தலோல், பீற்றா சந்தலோல் என்னும் இரு பொருள்களாலானது. இவை எளிதில் ஆவியாகாதவை. ஆதலால் மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்பவை.

இவ்வெண்ணெய் சவர்க்காரத்தினுட் புகுந்த கதை மைசூரில் நிகழ்ந்தது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக்கினார். அதன்பின் வந்த ஆட்சிகளும் அவ்வுரிமையைக் கைவிடவில்லை. முதலாம் உலகப் போருக்கு முன்னர் மைசூர்க் கட்டைகள் ஐரோப்பாவுக்கு, சிறப்பாக ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே எண்ணெய் வடிக்கப்பட்டன. 1914இல் போர் மூண்டதும் அவ்வாணிகம் முறிந்தது. கட்டைகள் விலைபோகாது தேங்கின. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் விசுவேசுவரய்யா திவானாகவும் இருந்த காலமது. கைத்தொழிற் பணிப்பாளர் அல்பிரட் சற்றட்டனின் முயற்சியால் 1916இல் பெங்களூரிலும், அடுத்த ஆண்டு மைசூரிலும் எண்ணெய் வடிக்கும் ஆலைகள் எழுந்தன. இங்கிலாந்து சென்று சவர்க்காரத் தொழில்நுட்பம் பயின்று மீண்ட சோ. க. சாஸ்திரியின் கைவண்ணத்தில் 1918இல் மைசூர்ச் சந்தனச் சவர்க்காரம் வெளிவந்தது. போரொன்று வாணிகத்தைத் தடுத்திராவிடின், கல்லில் அரைத்த மணம் கட்டியாகி வீடுதோறும் வந்திருக்குமோ என்பது ஐயமே. 2006இல் இச்சவர்க்காரம் புவியியற் குறியீடும் பெற்றது.

மைசூர்க் கட்டி குளியலுக்குரியது. சவரச் சவர்க்காரத்தின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் ஸ்ரியரிக் அமிலத்தைப் பொற்றாசியக் காரத்தோடும் சோடியக் காரத்தோடும் சேர்த்து ஆக்கப்படுவது. பொற்றாசியம் நுரையை விரைந்து எழுப்பும். ஸ்ரியரிக் அமிலம் அதனைச் செறிவாக நிறுத்தும். இளஞ்சூட்டு நீரும் தூரிகையும் சேர, நுரை மூக்கின் கீழேயே சில நிமிடம் தங்குகின்றது. ஒரு மணத்தின் மெய்ம்மையைச் சோதிக்க இதனினுங் கடிய இடம் வேறில்லை. காரத்தின் நடுவே பல மலர் மணங்களும் பழ மணங்களும் சிதைந்துபோம். சந்தலோல்களோ சிதையாது நிற்கும். எனவே, சவர்க்காரத்துக்கு இயல்பிலேயே ஏற்ற மணம் சந்தனமெனலாம்.

ஆயின் இங்கேதான் இடர் எழுகின்றது. மெல்ல எழும் மணம் கடைக்காரனுக்கு உதவாது. மூடியைத் திறந்தவுடன் வாங்குபவரைக் கவர ஏதேனும் வேண்டும். 1805இல் தோன்றிய துரூபிற், 1854இல் தோன்றிய ரெயிலர், 1875இல் தோன்றிய திரம்பர் முதலிய இலண்டன் சவர நிலையங்களின் பெயர்கள் இத்துறையில் நெடும்புகழ் பெற்றவை. அம்மரபிற் ‘சந்தனம்’ என்பது பெரும்பாலும் ஒரு கூட்டு மணமே. இலவண்டர், ஜெரேனியம், கஸ்தூரிச் சாயல் ஆகியவை முன்னே நிற்க, சந்தனம் பின்னே நிற்கும். இதனை வஞ்சனை எனல் மிகை. சந்தனக்கல்லைக் கண்டிராத ஆங்கிலேயருக்குச் சவர நிலையத்தின் மணமே சந்தனமாயிற்று. அவர்தம் அளவுகோல் வேறு, நம்முடையது வேறு.

பின்னர் எண்ணெயே அரிதாயிற்று. சந்தன மரத்தை அழிக்கும் முனைக் கூர்மை நோய் 1899இல் குடகிற் கண்டறியப்பட்டது. நோயும் களவும் மிகையான வெட்டும் சேர்ந்து காடுகளைக் குறைத்தன. வைரம் முற்றப் பல்லாண்டுகள் செல்லும்; எண்ணெய்க்காக மரம் வேரோடு அகழப்படும். 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மரத்தை அழிவுக்கு உள்ளாகக்கூடியதெனப் பட்டியலிட்டது. 2001இற் கருநாடகமும் 2002இல் தமிழகமும் சட்டந் திருத்தித் தனியார் சந்தனம் வளர்க்க வழிசெய்தன. இதற்கிடையே விஞ்ஞானிகள் சந்தலோரை, யவனோல் முதலிய செயற்கைப் பொருள்களை ஆக்கினர். இவற்றுட் சில மிகச் சிறிதளவிலேயே வலிய மணந்தருவன. ஆனால் சந்தனத்தின் ஒரு முகத்தையே காட்டுவன. விலை கருதும் சவர்க்காரங்களில் இன்று நாம் முகர்வது பெரும்பாலும் இவற்றையே.

மெய்ம்மையை அறிய எளிய வழியொன்றுண்டு. மூடியைத் திறந்தவுடன் தீர்ப்புக் கூறலாகாது. நுரைத்து, மழித்து, முகங் கழுவி, ஒரு நாழிகை பொறுத்தல் வேண்டும். அப்போதும் தோலிற் பாற்சாயலுடன் மணம் நிற்குமாயின் அதிற் சந்தனம் உண்டெனக் கொள்ள இடமுண்டு. கூர்மையாகத் தாக்கி மறைவது பெயரளவுச் சந்தனம். வலிய செயற்கை மணங்களும் நெடுநேரம் நிற்குமாதலால், கல்லில் அரைத்த சாந்தோடு ஒப்பிட்டாலன்றித் தீர்ப்பு முடிவாகாது.

ஆனால் அக்கல் நம்மிடம் இன்னும் உளதா? கடைகளில் விற்கும் மலிந்த சந்தனப் பொடிகளிலும் செயற்கை மணம் புகுந்துவிட்டது. தீவுகளிலிருந்து புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சந்தனத்தை முதலிற் சந்திப்பது சவர்க்காரத்திலேதான். அத்தகைய ஒருவர் ஊருக்கு வந்து, கல்லில் அரைத்த சாந்தை முகர்ந்து, “இதற்கு மணமில்லையே” என்று கூறுவாராயின், பிழை அவருடையதன்று. அளவுகோலைக் கையளிக்கத் தவறியவர் நாமே.

1990களிற் பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டில் சவர்க்காரம் அருகிப்போக, மக்கள் பனம்பழத்தால் ஆடை வெளுத்ததை நம் தலைமுறையினர் மறவார். ஆலையிலிருந்து வருவது ஒருநாள் வராது போகலாம். ஒரு கல்லும், ஒரு விரற்கிடைச் சந்தனக் கட்டையும், சிறிது நீரும் இருப்பின் மணத்தின் மெய்ம்மை வீட்டிலேயே நிற்கும். சவரச் சவர்க்காரம் எந்நாட்டினதாயினும் வாங்குக. அதனை அளக்கும் கல்லை மட்டும் வீட்டினின்று அகற்றற்க.