கோபுர நிழலில் மறைந்த கட்டடங்கள்

காஞ்சிபுரத்துக்குச் செல்வோர் இரண்டு பொருள்களை நாடிச் செல்கின்றனர். ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. கையில் கேமரா இருந்தால் அதுவும் அவ்விரண்டின் பக்கமே திரும்புகிறது. நாமும் ஏகாம்பரநாதர் கோயிலின் இராஜகோபுரத்தைத்தான் முதலில் படமெடுத்தோம். எவரும் நின்று பாராத கட்டடங்கள் அந்நகரைச் சுற்றி எத்தனை உள்ளன என்பது பின்னரே நம் கண்ணுக்குப் புலப்படலாயிற்று.

அவற்றுள் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை புள்ளலூரின் இரண்டு நினைவுத் தூண்கள். காஞ்சிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வயல்வெளியில் அவை நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் ஊர் அது. ஆயினும் உலகம் அதன் பெயரை அறிந்தது 1780 செப்டம்பர் 10ஆம் நாளில்தான். கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட ஆங்கிலேயப் படையை, ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் அன்று அங்கே முறியடித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் பெய்லியின் அணி குலைந்தது. சிறைப்பட்ட அவர் 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டார். சில மைல் தொலைவில் காஞ்சியிலேயே இருந்த ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் உதவிக்குச் சென்று சேரவில்லை. தம் பீரங்கிகளை அவ்வூர்க் குளமொன்றில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அக்குளக்கரையில் நிற்போரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

அத்தூண்கள் பெய்லியின் தோல்வியைக் குறிப்பவை என்று எண்ணிவிடுவது எளிது. உண்மை வேறு. மறு ஆண்டு, 1781 ஆகஸ்டு 27இல், அதே களத்தில் ஹைதரோடு சர் அயர் கூட் நடத்திய போரில் உயிரிழந்த இரு ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பப்பட்டவை அவை. பெய்லியின் நினைவகம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ளது. 1816இல் அவருடைய உறவினர் கட்டியது. திப்புவின் வெற்றியோ அதே ஊரின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வண்ண ஓவியமாய் விளங்குகிறது. போர் நடந்த மண்ணில் எஞ்சியிருப்பவை எதிர்த்தரப்பாரின் கற்களே. அக்கற்களின்மேல் நமக்குப் பகை ஏதுமில்லை. அவையும் இல்லாதிருந்தால் களம் எதுவென்று வழிப்போக்கர் அறிய வழியே இராது.

நகருக்குள் திரும்புவோம். வைகுந்தப்பெருமாள் கோயிலை அடுத்துள்ள பள்ளிவாசலும் அக்கோயிலும் ஒரே குளத்துக்கு உரியவை. நவாபுகள் காலத்துப் பள்ளியொன்று ஏகாம்பரநாதர் கோயிலின் அருகிலும் உண்டு. நாம் கண்ட படங்களிலெல்லாம் கோயிலை எடுத்தவர் பள்ளியை விலக்கியிருந்தார். பள்ளியை எடுத்தவர் கோயிலை விலக்கியிருந்தார். இருவருக்கும் பொதுவான குளம் எவர் படத்திலும் இல்லை! (உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டடத்துக்கும் குளத்துக்கும் அந்தத் தர்க்கம் எழுவதில்லை; ஆகவே நம் சோம்பலுக்கு அதனைக் காரணம் காட்ட இயலாது.)

சிறியவற்றைப் பொருட்படுத்திய ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ 1909இல் வெளியிட்ட பல்லவர் கட்டடக்கலை நூலில், கைலாசநாதர் கோயிலோடு முக்தீஸ்வரர், மாதங்கேஸ்வரர் போன்ற சிறு கோயில்களையும் அளந்து, வரைந்து, படங்களுடன் பதிவு செய்தார். பலரும் பார்த்துப் பழகிய கைலாசநாதர் கோயிலிலேயே, பிற்காலச் சுண்ணப்பூச்சின் அடியில் பல்லவர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்டறிந்தார். பார்த்த இடத்தையே மீண்டும் பார்த்ததால் கிட்டிய செல்வம் அது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களில் ஓட்டு வீடுகள் மறைந்து மாடி வீடுகள் எழுகின்றன. குழித்தறி இருந்த கூடம், பாவு நீட்டிய தெரு ஆகியவற்றின் அமைப்பை இனி எவர் அளந்து வைப்பார்?

இவ்வாறு கேட்கும் தகுதி நமக்கு உண்டா என்பதும் ஐயமே. எம்மூரின் பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிது கட்டியபோது, மகிழ்ச்சியோடு பொருள் கொடுத்தோம். ஒரு படம் எடுத்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை. பின்னர் வீடு வீடாகத் தேடினோம். ஒரு நிக்காஹ் படத்தில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், அப்பள்ளியின் மரத்தூண் ஒன்று பாதியளவு தெரிகிறது. எம்மிடம் இருப்பது அதுவொன்றே.