கூரைமேல் ஒரு சுமைதாங்கி

1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் இரண்டு லேண்ட் ரோவர் ஊர்திகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஒன்று கருநீலம், மற்றொன்று இளநீலம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர் அறுவர், 1955 செப்டம்பர் முதல் நாளன்று இலண்டனில் புறப்பட்டுத் தரைவழியே அவற்றைச் செலுத்தி வந்தனர். அறுவருள் ஒருவரான டிம் ஸ்லெஸர் அப்பயணத்தை நூலாக எழுதினார். வீரர்களுக்கும் ஊர்திகளுக்கும் புகழ் வந்தது. ஆறு மாத வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களில் ஒரு பங்கைக் கூரைமேல் தாங்கி வந்த சட்டத்தை எவரும் பெரிதாக எண்ணியதில்லை. பட்டறைக்காரர்கள் 'கேரியர்' என்று அழைக்கும் அந்தச் சுமைச்சட்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

லேண்ட் ரோவர் சுமையைத் தலையில் ஏற்றப் பிறந்த ஊர்தியன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டுப் பொருளாகிவிட்டது. ஆகவே மாரிஸ் வில்க்ஸும் அவர்தம் குழுவினரும் அடிச்சட்டத்தை எஃகாலும் உடலை அலுமினியக் கலவைத் தகட்டாலும் அமைத்தனர். 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோது அதற்குத் துணிக்கூரைதான் இருந்தது. (அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது, படையினரும் காவலரும் இவ்வூர்தியை விரைவில் நன்கறிந்தனர்.) பின்னர் உலோகக் கூரை வந்தபோதும் அது மெல்லிய தகடே. வெயிலையும் மழையையும் தடுக்கும், பெட்டிகளைச் சுமக்காது.

இந்தக் குறையிலிருந்துதான் சட்டம் அமைக்கும் கலை தோன்றியது. கூரையின் விளிம்பில் மழைநீர் வழிந்தோட ஒரு சிறு பள்ளம் ஓடுகிறது. சட்டத்தின் கால்கள் அப்பள்ளத்தில் ஊன்றி நிற்க, கீழிருந்து கவ்விகள் அவற்றைத் திருகாணியால் இறுக்கிப் பிடிக்கும். சுமை கூரைத் தகட்டைத் தொடாமல் விளிம்பு வழியே பக்கச் சுவர்களுக்கு இறங்கும். கால்கள் எத்தனைக்கெத்தனை மிகுதியோ, அத்தனைக்கத்தனை சுமை பரவும். இரண்டு கால்களை மட்டும் நம்பிய சட்டம் மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி விளிம்பையே நெளித்துவிடும். ஆகவே சிலர் சட்டத்தின் முன்புறத்திலிருந்து குழாய்களை இறக்கி, முன்பக்க உடலிலேயே ஊன்றச் செய்தனர்.

எஃகுக் காலுக்கும் அலுமினிய விளிம்புக்கும் இடையே இன்னொரு பகையும் உண்டு. ஈரம் பட்டால் இவ்விரு உலோகங்களும் மின்வேதி வினை புரியும், தேய்வது அலுமினியமே. மழை ஓயாத நம் நாடுகளில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடையில் ரப்பர்ப் பட்டை வைத்துக் கட்டுவோர் அறிவுடையோர்.

எனினும், உயிருக்கு உலைவைப்பது துருவன்று, உயரமே. 20 லிட்டர் பெட்ரோல் நிறைந்த தகரக் கலம் ஒன்று ஏறத்தாழ 19 கிலோ எடை கொள்ளும். அவற்றில் ஆறை மேலே அடுக்கினால் 110 கிலோவுக்கு மேல். எஃகுச் சட்டத்தின் எடை இதில் சேரவில்லை. அவ்வளவும் தலைக்கு மேல் நின்றால் ஊர்தியின் எடைமையம் உயர்ந்துவிடும். சமதரையில் தெரியாத தீங்கு சாய்ந்த மலைப்பாதையில் வெளிப்படும். கூடாரம், படுக்கை, வெற்றுக் கலங்கள் ஆகியன மேலே; எரிபொருள், தண்ணீர், கருவிகள் கீழே என்பது பழகிய பயணிகளின் முறை. இடம் போதாதபோது இம்முறையை மீறத் தூண்டுவதும் அதே சட்டந்தான்! மேலே ஓர் அங்குல இடமிருந்தாலும் மனிதன் அதில் எதையாவது ஏற்றாமல் விடுவதில்லை.

1993இல் சபாவில் நடந்த கேமல் டிராபி பயணத்தின் லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஊர்திகளும் கூரைச் சட்டங்களுடனேயே காட்டுக்குள் சென்றன. தாழ்ந்த கிளைகள் நிறைந்த மழைக்காட்டில் உயரச் சுமை இன்னுமொரு வகையில் இடர் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

1956இல் வந்த கருநீல ஊர்தி பின்னாளில் அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் கிடந்தது. அது மீட்கப்பட்டுச் செப்பனிடப்பட்டு, 2019 ஆகஸ்ட் 25இல் சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் அங்குச் சென்றடைந்தது.

இத்தகைய பழைய ஊர்திகளைப் புதுப்பிப்போர் முன் இன்று ஒரு வினா நிற்கிறது. பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம் காலத்துக்கு உண்மையானது. ஆனால் ஒரு பெட்டியும் ஏற்றுமுன்பே கூரை தாங்கும் அளவில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும். அலுமினியச் சட்டம் இலேசானது. பழைய படங்களோடு ஒப்பிட்டால் பொருந்தாது. காட்சிக்கு நிற்கும் ஊர்திக்கு எஃகே அழகு. மலையேற வேண்டிய ஊர்தி என்றால், அறுபது எழுபது ஆண்டு கண்ட அந்த விளிம்பைத் தடவிப் பார்த்த பின்னரே கவ்வியை இறுக்க வேண்டும்.