ஆள் அங்கே, வழக்கு இங்கே: பாரதியின் 'இந்தியா'வும் கிம் டாட்காமும்

எங்க ஊருக்கு எல்லைச் சிக்கல் புதுசில்லை. மேற்கே கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கிழக்கே புதுச்சேரி, 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் வசம். நடுவில் கள்ளக்குறிச்சி, பிரிட்டிஷாரின் தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. பிரிட்டிஷ் போலீஸ் தேடும் ஆள் கிழக்கே எல்லையைத் தாண்டிவிட்டால், பிரெஞ்சு அரசிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

1908இல் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு. பதிவில் ஆசிரியராக இருந்த சீனிவாசனுக்கு ஐந்தாண்டுத் தண்டனை. எழுதிக்கொண்டிருந்த பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். அந்த அக்டோபரில் பத்திரிகையும் அங்கிருந்தே வரத் தொடங்கியது. இன்றைய பேச்சில் சொன்னால், சர்வரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பிரிட்டிஷ் அரசால் பாரதியை வாங்க முடியவில்லை. ஆனால் பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை போட முடிந்தது. வாசகர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தானே? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. வேவுகாரர்கள் வீதியில் சுற்றினார்கள். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஜாடிக்குள் போலி ஆவணங்களைப் போட்டார்கள். கண்ணில் பட்டதும் ஐயர் தரப்பே பிரெஞ்சுப் போலீசிடம் சொல்லிவிட்டதால் சூழ்ச்சி பலிக்கவில்லை. 1918 நவம்பரில் பாரதி தாமாகவே எல்லை தாண்டி வந்தபோது கைதாகி, கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார்.

இப்போது நியூசிலாந்து. 2012 ஜனவரியில், அமெரிக்காவின் வேண்டுகோளின்படி, மெகாஅப்லோட் நிறுவனர் கிம் டாட்காம் ஆக்லாந்து அருகே கைது செய்யப்பட்டார். காப்புரிமைக்காரர்களுக்கு 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது அமெரிக்கக் குற்றச்சாட்டு. இணையதளத்தை அதே வேளையில் மூடிவிட்டார்கள், சொத்தை முடக்கினார்கள். ஒழுங்காகத் தன் கோப்புகளைச் சேமித்து வைத்தவர்களுக்கும் அவை கிடைக்காமல் போயின. நியூசிலாந்து உளவு அமைப்பு அவரைச் சட்டவிரோதமாக வேவு பார்த்தது தெரியவந்து, அதே ஆண்டு பிரதமர் ஜான் கீ மன்னிப்புக் கேட்டார். வழக்கோ நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 2024 ஆகஸ்டில்தான் அமைச்சர் ஒப்படைப்பு உத்தரவில் கையெழுத்திட்டார்.

இருவரும் ஒன்றா? இல்லவே இல்லை. பாரதி மேல் இருந்தது எழுத்துக் குற்றம். டாட்காம் மேல் இருப்பது பணம் சம்பந்தப்பட்டது. அவருடைய கூட்டாளிகள் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023இல் நியூசிலாந்திலேயே தண்டனை பெற்றார்கள். ஆகவே, 'எல்லாம் அரசியல் பழிவாங்கல்' என்று தள்ளிவிட முடியாது. அங்கேயே விசாரிக்க முடிந்த வழக்குக்கு ஏன் ஆளைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும் என்ற கேள்வியும் அதனாலேயே வலுக்கிறது.

ஒப்படைப்பு நியாயமா என்று பார்க்க நாம் சட்டப் பிரிவுகளைப் புரட்டுகிறோம். இரண்டு நாட்டிலும் குற்றமா, அரசியல் குற்றமா, கேட்ட குற்றத்துக்கு மட்டும்தான் விசாரணையா என்று. இந்தியாவின் 1962ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தக் காப்புகள் உண்டு. தேவையானவைதான். ஆனால் இவை ஆளை மட்டுமே காக்கும். கடையை முதல் நாளே மூடிவிட்டால், ஆளை ஒப்படைத்தாலும் ஒப்படைக்காவிட்டாலும் பாதித் தண்டனை முடிந்துபோகிறது. 1910இல் 'இந்தியா'வின் வாசகர்களுக்கு நேர்ந்தது அதுதான். வழக்கு முடியும் முன் கடையை மூடலாமா என்பதையும் ஒரு நீதிபதி கேட்டாக வேண்டும் என்பது என் எண்ணம்.