ஆலைப் புகைபோக்கியும் நமது குழந்தைகளும்

நாம் குடியேறி வாழும் ஆமதாபாத் நகரத்தை 'இந்தியாவின் மான்செஸ்டர்' என்று அழைத்த காலம் ஒன்றுண்டு. நமது குழந்தைகளோ புகையற்று நிற்கும் பழைய புகைபோக்கியைக் கண்டு, "இது என்ன?" என்று வினவுகின்றனர். அதற்கு விடையாக நம் சங்கத்து மாதர்கள் இவ்வாண்டு ஒரு துணிச்சித்திரம் தைத்திருக்கின்றனர். கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதற்கன்று; குழந்தைகள் தொட்டு, இழுத்து, அவிழ்த்து விளையாடுவதற்கு.

சித்திரத்தின் ஒரு கோடியில் காம்பே துறைமுகம். இந்நகரின் முதல் பஞ்சாலைக்கென ரஞ்சோட்லால் சோட்டாலால் இங்கிலாந்திலிருந்து தருவித்த இயந்திரங்கள் அங்கு இறங்கின. முதலில் அனுப்பப்பட்டவை கடலிலேயே அழிந்தன, அவர் சோர்ந்தாரில்லை. மறுமுறை வந்தவற்றை மாட்டுவண்டிகள் சுமந்தன. ஆலை 1861 மே 30ஆம் நாள் 2,500 கதிர்களுடன் ஓடத் தொடங்கிற்று. பம்பாயிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்ததோ 1864இல்தான். இரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு இது சற்று நாணந்தரும் செய்தியே! கயிற்றில் கோத்த துணிவண்டியைக் குழந்தைகள் இழுத்து ஆலைவாயிலில் சேர்க்கவேண்டும்.

நடுவே சபர்மதிக் கரைக் கருவேலமரம். அதன் இலைகளைப் பொத்தானிட்டு மாட்டலாம். 1918இல் 35 விழுக்காடு கூலி உயர்வு கோரிய தொழிலாளர் நாள்தோறும் அம்மர நிழலில் கூடினர்; காந்தியடிகள் அவர்களுக்காக உண்ணாநோன்பிருந்தார். முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய தமக்கை அனசூயா பென்!

தைத்த துணியெல்லாம், 'சிந்தி' என்று இவ்வூரார் வழங்கும் வெட்டுத்துண்டுகளே. ஆலைக்கழிவான இத்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தே வயிறு வளர்த்த ஏழைப்பெண்கள் இந்நகரில் பலர். இளா பட் அம்மையார் 1972இல் நிறுவிய 'சேவா' சங்கம் அவர்களது கூலிக்காகவும் வாதாடியது.

1980களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நமது காலனிக்கு அடுத்த தெருவில் வாழும் குஜராத்திப் பெரியவர் ஒருவர் அவ்வாறு வேலையிழந்தவர். பாக்கிக் கூலியும் அவருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. 'காகா' என்று குழந்தைகள் அழைக்கும் அவரை நாம் சித்திரத்தைப் பார்வையிட வேண்டினோம். அறுந்த இழையை ஒரு நொடியில் முடியும் வித்தையை அவர்களுக்குக் கற்பித்தார். நாற்பதாண்டு கழிந்தும் விரல்கள் அதை மறக்கவில்லை. அதற்குள் ஒரு சிறுமி புகைபோக்கியில் திணித்திருந்த பஞ்சுப்புகை முழுவதையும் உருவிவிட்டாள். நாம் அதட்டப்போனோம். காகா தடுத்து, "இப்படியே இருக்கட்டும், இன்று இதுதானே உள்ளது" என்றார்.

பஞ்சை நாம் திரும்பத் திணிக்கவில்லை. பையிலிட்டு அருகிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். வேண்டும் குழந்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம். விழா மண்டபத்தின் வாயிலில் சித்திரம் இருக்கும். குழந்தைகளைக் கைகழுவி அழைத்துவருமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.