குதிரை போகலாம், சைக்கிள் போகக்கூடாது

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசூலா என்று ஒரு ஊர். ஊரை ஒட்டியே லோலோ தேசியக் காடு. அங்கே ராட்டில்ஸ்னேக் ஓடைக் கரையோரமாக ஒரு பழைய சாலை மலைக்குள் ஏறுகிறது. மலை சைக்கிள்காரர்களுக்கு நடுத்தரமான பாதை. உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், மூச்சு மட்டும் வாங்கும். சுமார் 24 கி.மீ. போனதும் ஒரு எல்லை. அதைத் தாண்டி நடந்து போகலாம், குதிரையில் போகலாம். சைக்கிளில் போனால் குற்றம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று அமெரிக்க ராணுவம் சோதித்துப் பார்த்ததே இந்த மிசூலாவில்தான். 1896-ல் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் ஆரம்பித்தார். ஓட்டியவர்கள் 25-வது காலாட்படையின் கறுப்பின வீரர்கள். 1897 ஜூன் 14 அன்று 20 வீரர்கள் கிளம்பி, 1,900 மைல் ஓட்டி, ஜூலை 24-ல் செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். கியர் இல்லாத வண்டி, முதுகு ஒடிக்கும் மூட்டை. சேற்றில் சக்கரம் சுற்றாத இடங்களில் தண்டவாளக் கட்டைகள் மேலேயே குலுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சைக்கிள் தீனி கேட்காது என்பது மாஸ் சொன்ன வாதங்களில் ஒன்று. ஆனாலும் ராணுவம் குதிரையை விடவில்லை.

சரி, தடை எப்படி வந்தது? 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம், மோட்டார் வண்டிகளோடு 'இயந்திரப் போக்குவரத்து' எதுவும் கூடாது என்றது. ஆனால் இயந்திரப் போக்குவரத்து என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கவே இல்லை. (கம்பெனிச் சட்டப் புத்தகத்தில் விளக்கப் பிரிவைப் படிக்காமல் தாண்டுகிற பி.காம். நண்பர்களே, கவனிக்க!) 1966-ல் வனத்துறை விதி எழுதியபோது, உயிரற்ற சக்தியால் ஓடும் வண்டிகளைத்தான் இயந்திரப் போக்குவரத்து என்றது. மிதிப்பது மனிதக் கால்தானே? அந்தக் கணக்கில் சைக்கிள் தப்பித்தது.

1980-ல் ராட்டில்ஸ்னேக் பகுதிக்கென்றே தனிச்சட்டம் வந்தது. ஒரு பாதி பொழுதுபோக்குப் பகுதி, மறுபாதி வனாந்தரம். மக்கள் இந்தக் காட்டை நீண்ட காலமாக எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும் இடத்தில் நடை, மீன்பிடி, குதிரைச் சவாரியோடு சைக்கிளையும் அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது!

1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபின் மலை சைக்கிள் கடைச்சரக்காகிவிட்டது. 1984-ல் வனத்துறை விதியைத் திருத்தி, வனாந்தரப் பகுதிகளில் சைக்கிளைத் தடை செய்தது. பெயர் சொல்லிச் சட்டம் போட்ட ராட்டில்ஸ்னேக்குக்கும் விலக்கு இல்லை.

என் கட்சி எது என்றால், வனத்துறையின் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு சக்கரத்தை உள்ளே விட்டால் அடுத்து பேட்டரி சைக்கிள் வந்து நிற்கும். ஆனால் காரணம் மண் அரிப்பு என்றால், குளம்பு மட்டும் பாதையை மிதிக்காமல் பறக்கிறதா? அமைதிதான் காரணம் என்றால் அதை நேராகச் சொல்லலாமே. சட்டம் சொல்லாத ஒரு விளக்கத்தை இருபது வருடம் கழித்து ஒரு துறை தானே எழுதிக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த முடிவை உள்ளூர் அதிகாரிகளிடம் விட்டுவிடலாம் என்று 2016-ல் யூட்டா மாநில செனட்டர் மைக் லீ ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ராட்டில்ஸ்னேக் எல்லை வரை மிதித்துப் போகிறவர்கள், அங்கே வண்டியை விட்டுவிட்டு மீதியை நடக்கிறார்கள்.